ஸுலைஹா ராத்தாவின் இரத்தப் பட்டியல்

தனக்கென்று ஒரு கொம்பியூட்டர் இல்லாமலே ஸுலைஹா ராத்தா எட்டு வருடங்களாகக் கொம்பியூட்டரோடு வாழ்கிறார். கல்முனை பஸ் நிலையத்துக்குப் பின்புறம், போட்டோக்கொப்பி எடுக்கவும் விண்ணப்பம் டைப் செய்யவும் ஆட்கள் வந்துபோகும் எங்கள் கடையில் மூன்றாம் மேசை அவருடையது. பக்கத்தில் போட்டோக்கொப்பி மெஷின். அங்கே நிற்பவன் நான். அதிகம் கதைக்க வராதவனுக்கு அது நல்ல இடம். மெஷின் தாள் தள்ளும் நேரமெல்லாம் பக்கத்து மேசையைப் பார்த்துக்கொண்டு நிற்கலாம்.

எனக்கு அக்கா மாதிரியான ராத்தாவுக்கு முப்பத்தாறு வயது. உயர்தரம் சித்தி, கம்பஸ் அனுமதி கிடைக்கவில்லை. கலியாணம், இரண்டு பிள்ளைகள், பிறகு இந்த மேசை. சத்தியக் கடதாசி, வெளிநாடு போகிறவர்களின் சுயவிபரம், பிரதேச செயலகத்துக்கு முறைப்பாடு, எல்லாம் அவர் விரல் வழியாகத்தான் போகும். "ஊர்ல எல்லார்ட கஷ்டமும் எனக்குத் தெரியும் தம்பி, யார்ட மொகமும் ஞாபகமில்ல" என்பார். திரையைப் பார்த்துக்கொண்டே ஆட்களிடம் கேள்வி கேட்கும் பழக்கம் அவருக்கு.

நாலு வருடங்களுக்கு முன் யாரோ ஒருவர் நூற்றுப் பன்னிரண்டு பக்கம் அச்செடுக்கத் தந்துவிட்டுத் திரும்பி வரவேயில்லை. பிஎச்பி என்ற கணினி மொழியில் இணையச் செயலி செய்வது எப்படி என்ற பாடக்குறிப்பு அது. மூன்று மாதம் அலுமாரியில் கிடந்தது. கடைக்காரர் ஹாஜியார் அதைக் கிழித்துத் துண்டுத்தாளாக்கச் சொன்னார். கிழிக்குமுன் ராத்தா முதல் பக்கத்தை வாசித்தார். பிறகு இரண்டாம் பக்கம். அந்தக் கட்டு இன்றுவரை கிழிபடவில்லை.

படிப்பதில் அவருக்குக் கஷ்டமிருந்ததாக நான் காணவில்லை. கஷ்டம் மெஷினில் இருந்தது. வைரஸுக்குப் பயந்து ஹாஜியார் எல்லா மெஷின்களிலும் ஒரு பூட்டுப் போட்டிருந்தார். நிறுத்தித் திறந்தால் முதல் நாள் செய்த எதுவும் இராது. பிறந்த குழந்தை மாதிரி எழும்பும். எழுதிய வரிகளை ராத்தா இணையத்தில் ஒரு தளத்தில் சேமித்துக் காப்பாற்றுவார். ஆனால் அந்த வரிகளை ஓடவைக்கும் பிஎச்பியையும் தரவுத்தளத்தையும் ஒவ்வொரு காலையும் புதிதாக இறக்கிப் பொருத்த வேண்டும். நாற்பது நிமிடம். இடையில் கரண்ட் போனால் மீண்டும் நாற்பது நிமிடம்.

"வெள்ளன வந்து வரம்பு கட்டுறன், பின்னேரம் வெள்ளம் கொண்டு போகுது" என்று ஒரு முறை சொன்னார். குரலில் சலிப்பு இருக்கவில்லை. அடுத்த நாளும் கட்டினார்.

அவர் செய்துகொண்டிருந்தது ஓர் இரத்தப் பட்டியல். மோட்டார்சைக்கிள் உதிரிப்பாகக் கடை வைத்திருக்கும், எல்லோருக்கும் அண்ணன் மாதிரியான அபுல் ஹஸன் காக்கா பதினாலு வருடங்களாக எங்கள் பக்கத்தில் இரத்ததான முகாம்களை நடத்தி வருகிறார். கொடுத்தவர்களின் பெயர், வகை, விலாசம், நம்பர் எல்லாம் எட்டுக் கொப்பிகளில். அவசரத்துக்கு ஓர் ஆளைத் தேட ஒரு மணித்தியாலம் தாள் புரட்டுவார். ராத்தா அந்த ஆயிரத்து முன்னூற்றுப் பன்னிரண்டு பெயர்களையும் டைப் செய்து முடித்திருந்தார். வகையைத் தட்டினால், ஆஸ்பத்திரிக்குக் கிட்ட இருப்பவர் முதலிலும் தூர இருப்பவர் கடைசியிலும் வர வேண்டும். அதுதான் செயலி. அவசரமில்லாமல் ஆறுதலாகச் செய்யலாம் என்றிருந்தார்.

ஆறுதல் அந்தத் திங்கட்கிழமையோடு முடிந்தது. அவருடைய தங்கை றுஸ்தாவுக்கு நிறைமாதம். நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருக்கிறது, வியாழக்கிழமை ஒப்பரேஷன், இரத்தம் அதிகம் போகலாம் என்று டொக்டர் சொல்லிவிட்டார். றுஸ்தா ஓ நெகட்டிவ். இரத்த வங்கியில் அந்த வகை இரண்டு பைதான் இருந்தது. கொடுக்கக்கூடிய இரண்டு பேரை ஆயத்தமாக வைத்திருங்கள் என்றார்களாம்.

"நான் ஓ பொசிட்டிவ்" என்றார் ராத்தா. "ஒரு வகுத்துல பொறந்தும் என்ட ரெத்தம் அவளுக்குப் பாவமில்ல." பயன்படாது என்பதை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வார்கள்.

செவ்வாய்க்கிழமை காலை அவர் பிஎச்பியை இறக்கவில்லை. பிரவுசரைத் திறந்து, தன் வரிகளைச் சேமித்து வைத்திருந்த தளத்துக்குப் போய், ஒரு பொத்தானைத் தட்டினார்.

"என்ன ராத்தா செய்யிறீங்க?"

"இன்னொரு கொம்பியூட்டர் எடுக்கன்."

"எங்க இரிக்கி?"

"சிங்கப்பூர் எண்டு போட்டிரிக்கி. பொய்யோ உண்மையோ."

திரையில் ஒரு சின்ன வட்டம் சுழன்றது. என் மெஷின் யாருடைய அடையாள அட்டையையோ இருபது பிரதி எடுத்து முடிப்பதற்குள் வட்டம் நின்று, பிரவுசருக்குள்ளேயே ஒரு முழு வேலைத்தலம் விரிந்தது. இடப்பக்கம் அவருடைய கோப்புகள், நடுவில் அவருடைய வரிகள், கீழே கறுப்புப் பட்டையில் துடிக்கும் ஒரு வெள்ளைக் கோடு. அவர் அதில் பிஎச்பியின் பதிப்பைக் கேட்டார். பதில் உடனே வந்தது. பொருத்தப்பட்டே இருந்தது. நாலு வருடக் காலைகளின் நாற்பது நிமிடங்கள் அந்த ஒரு வரிக்குள் போய் மறைந்ததை நான் பார்த்தேன். ராத்தா இரண்டு கையையும் விசைப்பலகையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"அல்லாஹ்வே" என்றார், மெல்லமாக.

பிறகு சண்டை தொடங்கியது. செயலி ஓடியது, தரவுத்தளம் இணைய மறுத்தது. சிவப்பு எழுத்தில் மறுப்பு. அவர் திருத்தினார், மறுப்பு. கடவுச்சொல்லை மாற்றினார், மறுப்பு. பதினொரு மணிக்கு ஒரு சத்தியக் கடதாசியைப் பாதியில் நிறுத்திவிட்டுச் சிரிக்கத் தொடங்கினார்.

"தம்பி, இஞ்ச பாருங்க. நான் இவனுக்கு உன்ட ஊட்டுக்குள்ளேயே தேடு எண்டு செல்லியிரிக்கன். தரவு வேற பெட்டிக்குள்ள, பக்கத்து ஊட்டுல இரிக்கி. எப்பிடிக் கெடைக்கும்?"

'இந்த வீடே' என்று பொருள்படும் லோக்கல்ஹோஸ்ட் என்ற சொல்லை அழித்து, அடுத்த பெட்டியின் பெயரை எழுதினார். இணைந்தது. அந்த நேரம் பார்த்து அபுல் ஹஸன் காக்கா கிறீஸ் படிந்த கையோடு வந்து நின்றார். முதல் பக்கத்தில் அவருடைய பெயர் வரவேண்டிய இடத்தில் வரிசையாகக் கேள்விக்குறிகள்.

"என்ன புள்ள, பதினாலு வருசம் ரெத்தம் சேத்ததுக்கு என்னில இவ்வளவு சந்தேகமா?"

"காக்கா, அதுக்கு இன்னம் தமிழ் தெரியாது. பொறுங்க." எழுத்துருக் குறியீட்டை ஒரு வரியில் மாற்றினார். கேள்விக்குறிகள் ஒன்றொன்றாக எழுத்துகளாயின. ஆயிரத்து முன்னூற்றுப் பன்னிரண்டு பெயர்கள். கொப்பியில் தூங்கியவர்கள் எழும்பி உட்கார்ந்த மாதிரி இருந்தது.

ஓ நெகட்டிவ் என்று தட்டினார். முப்பத்தொரு பேர். முதல் ஒன்பது பேர் ஆஸ்பத்திரியிலிருந்து மூன்று கிலோமீற்றருக்குள். கடைசிப் பெயர் தனஞ்சயன், வினாயகபுரம், திருக்கோவிலுக்கும் அப்பால்.

"ஒன்பது பேர் கிட்டயே இரிக்காங்க" என்றார் காக்கா. "ரெண்டு பேர்தானே வேணும். நாளைக்கு அந்திக்குக் கதைச்சு வெப்பம்."

அப்படி ஓர் அந்தி வரவில்லை.

புதன்கிழமை ஒன்பது மணிக்கு றுஸ்தாவின் கணவர் ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்தார். இரத்தப் போக்கு தொடங்கிவிட்டது. ஒப்பரேஷன் இன்றைக்கே, பன்னிரண்டு மணிக்கு. மட்டக்களப்பிலிருந்து பை வரும், ஆனால் எப்போது என்று தெரியாது. பதினொன்றரைக்குள் இரண்டு பேர் வந்து நிற்க வேண்டும்.

ராத்தா பட்டியலைத் திறந்தார். காக்கா தன் கடையைப் பூட்டிவிட்டு ஓடி வந்து மேசை ஓரத்தில் நின்றபடி நம்பர்களை அடித்தார். முதல் நம்பர் பாவனையில் இல்லை. இரண்டாவதும் இல்லை. மூன்றாவது ஒலித்தது.

"எங்க மனே நிக்காய்? ... அக்கரப்பத்துலயா? உன்ட விலாசம் கல்முனக்குடி எண்டெல்லோ கிடக்கு?" போனைப் பொத்திக்கொண்டு எங்களிடம் சொன்னார்: "அவன் அங்கதான் கலியாணம் முடிச்சிரிக்கான். போன மாசந்தான் ரெத்தம் குடுத்தானாம்."

நாலாவது நம்பர் வேறு யாரிடமோ போய்விட்டிருந்தது. ஐந்தாமவர் வரிப்பத்தான்சேனையில் மாமனாரின் வயலில், வெட்டு மெஷினுக்குப் பக்கத்தில் நின்று கத்தினார். வந்து சேரப் பன்னிரண்டு மணி தாண்டும், வழியில் பஸ்ஸும் இல்லை என்றார். ஆறாமவரின் போனை உம்மா எடுத்தார். அவர் குரல் எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

"அவன் இஞ்ச எங்க ராசா இரிக்கான்? முடிச்ச எடத்துலதானே இரிப்பான். பொத்துவில்ல."

ராத்தா எழும்பி நின்றார். முகத்தில் இரத்தமில்லை.

"காக்கா, இது முழுக்கப் பிழை."

"எது பிழை?"

"நம்மட ஊர்ல எந்த ஆம்புள கலியாணம் முடிச்சுட்டு உம்மாட ஊட்டுல இரிக்கான்? பொண்ணுட ஊட்டுக்குத்தானே போறான். அடையாள அட்டையில மட்டும் உம்மாட ஊடு. முகாமுல அட்டையப் பாத்து எழுதியிரிக்கீங்க, நான் அதப் பாத்து அடிச்சிரிக்கன். என்ட மனிசன் பன்னெண்டு வருசமா என்ட ஊட்டுல சோறு திங்கான், அவர்ட அட்டையில இன்னம் மருதமுன. இந்தப் பட்டியல்ல கிட்ட எண்டு கிடக்கிறவன் தூர. தூர எண்டு கிடக்கிறவன் கிட்ட."

காக்காவும் நிந்தவூரில் பிறந்து கல்முனைக்கு மாப்பிள்ளையாக வந்தவர். எட்டுக் கொப்பிகளிலும் அவர் பெயருக்கு நேரே நிந்தவூர்தான்.

"அப்ப யார்ட்ட கேக்கிற?"

"ஊடு யார்ட? அவள்ட்டக் கேக்கணும்."

ஒன்பது நாற்பது. காக்கா மிச்ச நம்பர்களையும் அடித்துப் பார்த்தார், ஒருவரும் அகப்படவில்லை. ராத்தா உட்கார்ந்தார். அவர் விரல்களை எட்டு வருடமாகப் பார்க்கிறேன்; அப்படி ஓடியதைப் பார்த்ததில்லை. தரவுத்தளத்தில் 'முடித்த இடம்' என்று ஒரு புதிய நெடுவரிசை. அதற்கு ஒரு சின்னப் படிவம்: ஆளின் பெயர், பிறந்த ஊர், முடித்த இடம், இப்போதைய நம்பர், இரத்த வகை. எழுதலாம்; மற்றவர் எழுதியதைப் பார்க்க முடியாது. அதை மட்டும் இரண்டு தரம் சோதித்தார். "பொம்புளையள்ட நம்பர் கிடக்கும், ஊருக்குத் தெரியப்படாது."

பிறகு ஒரு இடத்தில் நின்றார். அந்தச் சிங்கப்பூர் வேலைத்தலம் தருகிற இணைப்பு அவருக்கு மட்டும் திறக்கும் பூட்டிய இணைப்பு. அதை எல்லோருக்குமாகத் திறந்துவிட ஒரு தேர்வு இருந்தது. சுட்டியை அதன்மேல் வைத்துக்கொண்டு தயங்கினார்.

"என்ன ராத்தா?"

"இது ஊருக்குத் திறக்கிற கடையில்ல தம்பி. குசினி. சமைச்சுப் பாக்கத்தான் தந்திரிக்காங்க. ஒரேயடியா ஆக்கள் வந்தா விழுந்திடும்." ஒரு மூச்சு எடுத்தார். "விழுந்தா எழுப்புவம்." தட்டினார்.

வாட்ஸ்அப்பில் எழுதினார்: ரத்தம் கொடுத்த உங்கள் காக்கா, தம்பி, மகன், கணவர் இப்போது எந்த வீட்டில்? இதைத் திறந்து எழுதுங்கள், ஓ நெகட்டிவ் உடனே தேவை. தன் குறிச்சிப் பெண்களின் குழுவுக்கு, பிள்ளைகளின் வகுப்புத் தாய்மாரின் குழுவுக்கு, பாண்டிருப்புப் பெண்களும் இருக்கிற தன் உயர்தர வகுப்புக் குழுவுக்கு அனுப்பினார். காக்கா தன் பக்கத்துக்கு அனுப்பப் போனார்.

"நீங்க வேணாம் காக்கா. உங்கட குழுவுல எல்லாம் ஆம்புளையள். அவனுகள் கட்டவெரலக் காட்டிப் போட்டுப் படுத்திருவானுகள்."

ஒன்பது ஐம்பத்தெட்டுக்குக் கறுப்புப் பட்டையில் முதல் வரி வந்தது.

யாராவது பக்கத்தைத் திறந்தால் ஒரு வரி. எழுதி அனுப்பினால் ஒரு வரி. முதலில் ஒன்று. பிறகு கொஞ்ச நேரம் வெறும் கோடு துடித்தது. பிறகு மூன்று. பிறகு நான் எண்ணுவதை விட்டேன். வரிகள் கீழிருந்து மேலேறி, கறுப்பின் உச்சியில் போய் மறைந்துகொண்டே இருந்தன. ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் அடுப்பை அணைத்துவிட்டோ கைப்பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டோ ஒரு பெண் போனைப் பிடித்திருக்கிறாள். அவள் தட்டியது சிங்கப்பூர் வரை போய், அங்கே ராத்தாவின் வரிகளைத் தொட்டு, திரும்பிக் கல்முனை பஸ் நிலையத்துக்குப் பின்னால் வந்து ஒரு வெள்ளைக் கோடாக ஏறுகிறது. போட்டோக்கொப்பிக்கு வந்தவர்கள் தாளை நீட்டியபடியே நின்று பார்த்தார்கள். யாரும் அவசரப்படுத்தவில்லை.

பிரவுசரின் அடுத்த பக்கத்தில் பெயர்கள் நிறைந்தன. கல்முனைக்குடியில் பிறந்தவர் ஒலுவிலில். சம்மாந்துறையில் பிறந்தவர் எங்கள் கடையிலிருந்து மூன்றாம் ஒழுங்கையில். ஒருவர் கட்டாரில், அதை அங்கிருந்தே அவர் மனைவி எழுதியிருந்தார். கொப்பிகளில் பிறந்த வீடுகளில் நின்றவர்கள் எல்லோரும் என் கண் முன்னால் எழும்பி நடந்து, தத்தம் வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

பத்து இருபதுக்குக் கரண்ட் போனது.

காற்றாடி நின்றது. என் மெஷின் தாளை வாயில் கவ்வியபடி நின்றது. மூன்றாம் மேசைத் திரை கறுத்தது. காக்கா, "யா அல்லாஹ், எல்லாம் போச்சா!" என்று தலையில் கை வைத்தார். அந்த மெஷின் இனி எழும்பினால் ஒன்றும் ஞாபகமில்லாமல்தான் எழும்பும்.

ராத்தா பதறவில்லை. கைப்பையிலிருந்து மூலை உடைந்த தன் போனை எடுத்து, அதே பக்கத்தைத் திறந்து, மேசையில் எங்களுக்கு நடுவில் வைத்தார். உள்ளங்கை அகலக் கறுப்பில் வரிகள் ஏறிக்கொண்டிருந்தன. இங்கே ஒரு கடை முழுக்க இருட்டு; அங்கே ஒரு வரிகூடத் தவறவில்லை.

"செத்தது இதுதான்" என்று மூன்றாம் மேசையைக் காட்டினார். "அதுக்கு நம்மட கரண்ட் கட் தெரியாது."

காக்கா போனுக்கு மேல் குனிந்தார். தொடப் பயந்து கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

பத்து முப்பத்தொன்றுக்கு ஓ நெகட்டிவ் ஒன்று வந்தது. எழுதியவர் கைருன்னிஸா. கணவர் இறக்காமத்தில் பிறந்தவர், முடித்த இடம் கல்முனைக்குடி, கடற்கரைப் பள்ளிக்குப் பக்கம். கொப்பியில் அவர் நம்பர் எப்போதோ செத்திருந்தது. ராத்தா புது நம்பருக்கு அழைத்தார். மறுமுனையில் பெண் குரல்: "ஆள் ஒறங்குறார் ராத்தா, ராவு வேல. எழுப்பி அனுப்பவா?"

"எழுப்புங்க புள்ள. சாப்பிடக் குடுத்து அனுப்புங்க, வெறும் வகுத்துல ரெத்தம் குடுக்கப்படாது."

ஒருவர். பத்து நாற்பது. பத்து ஐம்பது. ராத்தாவின் உதடுகள் ஸலவாத்து ஓதிக்கொண்டிருந்தன. றுஸ்தாவின் கணவர் இரண்டு தரம் அழைத்தார். இரண்டாம் தரம், ஆட்கள் புறப்பட்டாச்சா என்று கேட்டார். ராத்தா, "வருவாங்க" என்று சொல்லி வைத்தார். போனின் சார்ஜ் இருபத்திரண்டு வீதம்.

பத்து ஐம்பத்தேழு. தனஞ்சயன். பிறந்த ஊர் வினாயகபுரம். முடித்த இடம் பாண்டிருப்பு. ஓ நெகட்டிவ். எழுதியவர் தர்சிகா, மனைவி.

முப்பத்தொரு பேரில் கடைசி ஆள். நேற்றைய பட்டியலின்படி எல்லோரிலும் தூரமானவர். ஆஸ்பத்திரியிலிருந்து பத்து நிமிடம்.

தர்சிகா முதல் ஒலியிலேயே எடுத்தார். "அக்கா, அவர் கடலால வந்து வலை பிரிச்சுக்கொண்டு நிக்கிறார். நான் சொல்லிப்போட்டன். குளிக்காம வரலாமா எண்டு கேக்கிறார்."

ராத்தாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. "மீன் செதிலோட வந்தாலும் பரவாயில்ல எண்டு செல்லுங்க தங்கச்சி!"

காக்கா படியிறங்கி மோட்டார்சைக்கிளை உதைத்தது ஒரே சத்தமாகக் கேட்டது. பதினொன்று பதினெட்டுக்கு ஆஸ்பத்திரியிலிருந்து அவரே அழைத்தார். ஒருவர் உள்ளே படுத்திருக்கிறார், மற்றவர் பாரம் நிறுக்கிறார், உப்பு வாசம் வார்ட் முழுக்க என்றார்.

பன்னிரண்டு ஐம்பதுக்குச் செய்தி வந்தது. பெண் குழந்தை. றுஸ்தாவுக்கு நாலு பை ஏறியது. கண் திறந்திருக்கிறாள், முதலில் கேட்டது தண்ணீராம். ராத்தா போனைக் கீழே வைத்துவிட்டு, அரபியில் ஏதோ சொல்லி, முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டார். நான் என் மெஷினின் தாள் தட்டைத் தேவையில்லாமல் திறந்து மூடினேன். அந்த நேரம் பார்க்கக்கூடாது என்று தோன்றியது.

கரண்ட் வந்தபோது ளுஹர் தொழுகை முடிந்திருந்தது. மூன்றாம் மேசை மெஷின் ஒன்றும் நடவாதது போல எழும்பியது. ராத்தா பிரவுசரைத் திறந்து மீண்டும் அந்தப் பக்கத்துக்குப் போனார். அறுநூற்று நாற்பத்தேழு பேர் தங்கள் வீடுகளில் நின்றார்கள். வரிகள் இன்னும் வந்துகொண்டிருந்தன; இப்போது ஏ, பி, ஏபி எல்லா வகையும். இணைப்பு எங்கெங்கோ போயிருக்க வேண்டும். எங்களுக்குத் தெரியாத ஊர்களும் இருந்தன.

"ஆள் கெடைச்சிட்டு எண்டு செல்லிட்டு நிப்பாட்டுவமா ராத்தா?"

"நாளைக்கு இன்னொருத்திக்கு வேணுமே."

இந்தக் குசினியிலிருந்து இதைச் சரியான இடத்துக்குக் குடியேற்ற வேண்டும், சும்மா விட்டால் இரவோடு இது தூங்கிவிடும் என்றார். அதற்கு முன் ஒரு வேலை இருக்கிறதாம். பட்டியலில் இன்னொரு நெடுவரிசையைச் சேர்த்தார்: கடைசியாகக் கொடுத்த நாள். இரத்தம் கொடுத்தவரிடம் நாலு மாதத்துக்கு மறுபடி கேட்கக்கூடாது. கைருன்னிஸாவின் கணவருக்கு நேரே இன்றைய திகதியை இட்டார். தனஞ்சயனுக்கு நேரேயும் இட்டுச் சேமித்தார்.

இரண்டு பெயர்களும் சாம்பல் நிறமாகிப் பட்டியலின் அடிக்குப் போயின. ராத்தா அவற்றைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"போய்ச் சாப்பிட்டுப் படுங்க" என்றார், திரையைப் பார்த்து. பிறகு, காலையிலிருந்து காத்துக்கொண்டிருந்த ஒரு கிழவரின் சத்தியக் கடதாசியை எடுத்தார். வழக்கமில்லாத வழக்கமாக, கேள்வி கேட்குமுன் அவருடைய முகத்தை நிமிர்ந்து பார்த்தார்.

"எந்த ஊர் வாப்பா நீங்க? இப்ப இரிக்கிற ஊடு?"